கைக்குழந்தையோடு நீண்ட விமானப் பயணம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். லண்டனில் இருக்கும் கணவனிடம் போகிறவர்கள், டொரன்டோவில் அக்கா வீட்டுக்குப் போகிறவர்கள், எல்லாருடைய மடியிலும் ஒரு கைக்குழந்தை. முப்பது வருடம் குழந்தைகள் வார்டில் தாதியாக வேலை செய்தவள் நான். ஐந்து மாதப் பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கட்டுநாயக்கவிலிருந்து லண்டன் வரை போயும் இருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

மகனுக்கு 4 மாதம். தாய்ப்பால் மட்டும்தான். 11 மணி நேரப் பயணத்தில் காது வலிக்கும் என்கிறார்களே? (தலவாக்கலை)

வலிக்கலாம். ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் அதிகம். விமானம் 35,000 அடியில் பறந்தாலும், உள்ளே காற்றழுத்தத்தை 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பது போல வைத்திருப்பார்கள். நுவரெலியா டவுனே 6,100 அடி. ஆகவே அந்த உயரம் நம் பிள்ளைகளுக்குப் பெரிய புதுமை இல்லை. காது அடைப்பும் அப்படித்தான். கினிகத்தேனை வளைவுகளில் வேன் இறங்கும்போது, அதுவரை சும்மா இருந்த பிள்ளை திடீரென்று வீறிட்டு அழுவதைப் பார்த்திருப்பீர்கள். தாய் பால் கொடுத்ததும் அடங்கிவிடும். விழுங்கும்போது காதுக்கும் தொண்டைக்கும் நடுவில் உள்ள சிறு குழாய் திறந்து அழுத்தம் சமமாகிறது, அதனால்தான். விமானத்திலும் இதே வைத்தியம். ஆனால் வேன் மணிக்கணக்கில் இறங்குவதை விமானம் அரை மணியில் இறங்கிவிடும்.

எனவே இறங்கப்போகிறோம் என்று அறிவித்தவுடனேயே பால் கொடுக்கத் தொடங்குங்கள். சக்கரம் தரையைத் தொடும் நேரம் வரை காத்திருந்தால் பிந்திவிடும். பிள்ளை தூங்கினால் எழுப்பிக் கொடுங்கள், தூக்கத்தில் விழுங்குவது குறைவு. பால் வேண்டாம் என்றால் சூப்பி போதும். விமானத்துக்குள் காற்று வறண்டிருக்கும், அதனால் அடிக்கடி பால் கேட்பான், கொடுங்கள். 6 மாதத்துக்குள் தண்ணீர் தேவையில்லை, விமானத்திலும்தான்.

குழந்தையோடு விமானத்தில் போகலாமா? உடனே பதில் வேண்டும். (ஊர் இல்லை)

ஊர் இல்லாவிட்டால் பரவாயில்லை. வயது எங்கே? நிறை எங்கே? மாதம் நிறைந்து பிறந்ததா, குறைமாதமா? இருதயத்தில் ஏதும் குறை உண்டா? இவை எதுவும் இல்லாமல் நான் என்ன சொல்ல? பிறந்து 7 நாள் ஆகாத குழந்தையைப் பல விமான நிறுவனங்கள் ஏற்றுவதே இல்லை. சுகமாக இருக்கும் பிள்ளை என்றாலும், அவசரம் இல்லையேல் இரண்டு மூன்று மாதம் போகட்டும் என்பேன். குறைமாதம், இருதயக் கோளாறு, பிறந்தபோது ஒட்சிசனில் இருந்தது, இதில் ஒன்று இருந்தாலும் டிக்கெட் வாங்கும் முன் குழந்தை வைத்திய நிபுணரிடம் காட்டிக் கடிதம் வாங்குங்கள். டிக்கெட் வாங்கிவிட்டுக் கேட்காதீர்கள்.

பிள்ளைக்கு 9 மாதம், 9 கிலோ. விமானத்தில் தொட்டில் தருவார்களா? (பண்டாரவளை)

பசினெட் என்று கேளுங்கள். முன்சுவருக்கு எதிரே உள்ள சீட்களில் மட்டும்தான் மாட்ட முடியும், ஒரு விமானத்தில் சிலதான் இருக்கும். டிக்கெட் எடுக்கும் அன்றே சொல்லி வையுங்கள். நிறை வரம்பு பெரும்பாலும் 10 கிலோவுக்குச் சற்று முன்பின், நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். உங்கள் பிள்ளை எல்லையில் நிற்கிறது, கேட்டு உறுதி செய்யுங்கள். விமானம் குலுங்கி பெல்ட் விளக்கு எரிந்தால் தூங்கும் பிள்ளையையும் தூக்கி மடியில் வைக்கத்தான் வேண்டும். மடியில் வைக்கும்போது பிள்ளைக்கென்று தரும் சிறு பெல்ட்டை உங்கள் பெல்ட்டோடு கோத்துப் போடுங்கள். உங்கள் பெல்ட்டுக்குள்ளேயே பிள்ளையையும் சேர்த்து இறுக்காதீர்கள், திடீரென்று பிரேக் போட்டால் உங்கள் பாரம் முழுவதும் பிள்ளை மேல் விழும்.

தொட்டிலில் நிமிர்த்திப் படுக்க வையுங்கள். வெளிச்சத்துக்காக முகத்தைத் துணியால் மூடக் கூடாது. கழுத்தில் கோயில் கயிறு, கையில் வசம்பு வளையல் இருந்தால் பயணம் முடியும் வரை கழற்றி வையுங்கள். நம்பிக்கையைக் குறை சொல்லவில்லை. தூங்கும் பிள்ளையின் கழுத்தில் கயிறு இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

7 மாத மகள், முதல் பயணம். பிள்ளை அழுதால் மற்றவர்கள் முகம் சுளிப்பார்களே, சளிக்குக் கொடுக்கும் சிரப்பை அரைக் கரண்டி கொடுத்தால் லண்டன் வரை தூங்கும் என்று மாமியார் சொல்கிறார். எவ்வளவு கொடுக்கலாம்? (மஸ்கெலியா)

ஒரு சொட்டும் கொடுக்கக் கூடாது. மாதத்துக்கு இரண்டு பேராவது என்னிடம் இதைக் கேட்கிறார்கள், ஒவ்வொரு முறையும் வயிறு கலங்குகிறது.

நான் லண்டன் போன பயணத்தில் எனக்கு இரண்டு வரிசை முன்னால் ஒரு இளம் தாய். எட்டு மாதக் குழந்தை. ஏறியதிலிருந்து சத்தமே இல்லை, நல்ல பிள்ளை என்று பக்கத்தில் இருந்தவர்கள் பாராட்டினார்கள். ஆறு மணி நேரம் கழித்துப் பால் கொடுக்க எழுப்பினால் எழும்பவில்லை. தலை துவண்டு அந்தப் பக்கம் விழுகிறது, இந்தப் பக்கம் விழுகிறது. வைத்தியர், தாதி யாராவது உண்டா என்று அறிவித்தார்கள், எழுந்து போனேன். கைக்கடிகாரத்தைப் பார்த்து மூச்சை எண்ணினேன். நிமிடத்துக்கு 30-க்கு மேல் இருக்க வேண்டியது, 20 கூட இல்லை. உதட்டோரம் நீலம். உள்ளங்காலைச் சுண்டி, முதுகைத் தேய்த்து, விமானத்தில் இருந்த ஒட்சிசனை மூக்கருகே பிடித்துக்கொண்டே இருந்தோம். கால் மணி நேரம் கழித்துத்தான் முனகி அழுதது. அந்த அழுகையைக் கேட்டு நானும் அழுதேன். தாயின் பையில் அந்த சிரப் போத்தல் இருந்தது. ஒரு கரண்டிதான் கொடுத்தாளாம்.

அந்த சிரப்களில் தூக்கம் வருவது பக்க விளைவு. அதே மருந்து மூச்சையும் அடக்கும். அவற்றில் சிலவற்றில் உள்ள புரோமெதசின் என்ற மருந்து 2 வயதுக்குக் கீழ் கூடவே கூடாது என்று மருந்துத் தாளிலேயே இருக்கும். இன்னொரு சளி மருந்தான குளோர்பெனிரமினும் ஒரு வயதாகாத பிள்ளைக்கு வைத்தியர் சொல்லாமல் கொடுக்கும் மருந்து இல்லை. தரையில் வைத்தியசாலை பக்கத்தில் இருக்கும். 35,000 அடியில், ஒட்சிசன் கொஞ்சம் குறைந்த காற்றில், பக்கத்தில் என்ன இருக்கிறது? சில பிள்ளைகளுக்கு இது தலைகீழாக வேலை செய்து, தூங்காமல் வெறி பிடித்தது போல அழும். மருந்தில் மயங்கிய பிள்ளை இறங்கும்போது விழுங்கவும் மாட்டாது, காது வலியும் அதற்குத்தான். பனடோலும் தூக்க மருந்து அல்ல, காய்ச்சல் இருந்தால் மட்டும், நிறைக்கு ஏற்ற அளவில். நாக்கில் பிராண்டி தொட்டு வைக்கும் பழக்கமும் வேண்டாம்.

மாமியாரிடம் இதை வாசித்துக் காட்டுங்கள், கோபப்பட மாட்டார். பேத்தி மேல் பாசம் இல்லாமல் அவர் சொல்லவில்லை. பிள்ளை அழட்டும். தூக்கிக்கொண்டு நடைபாதையில் நாலு தடவை நடங்கள். முகம் சுளிப்பவர் சுளித்துக்கொண்டு போகட்டும், அவரை மறுபடி பார்க்கப் போவதில்லை.

பவுடர் பால் கொடுக்கிறேன். 100 மில்லிக்கு மேல் தண்ணீர் விடமாட்டார்களாமே? (பொகவந்தலாவை)

குழந்தைக்கான பாலுக்கும் தண்ணீருக்கும் அந்த விதியில் விலக்கு உண்டு. பயணத்துக்குப் போதுமான அளவு கொண்டுபோகலாம், பரிசோதனையில் தனியே எடுத்துக் காட்டுங்கள், திறந்து பார்ப்பார்கள். பவுடரை ஒரு வேளைக்கு ஒரு டப்பி என்று அளந்து வைத்து, அவித்த போத்தல்களை வெறுமையாகக் கொண்டுபோங்கள். சுடுதண்ணீர் விமானத்தில் கேட்கலாம். கொதித்து ஆறிய தண்ணீர் போதாது, பவுடரிலும் கிருமி இருக்கும். 70 பாகை செல்சியஸுக்குக் குறையாத சூட்டில் கரைத்துப் பிறகு ஆற்றுங்கள். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கரைக்காதீர்கள். பணிப்பெண்ணிடமே கரைத்துத் தரச் சொல்லுங்கள். கரைத்து 2 மணி நேரம் கடந்த பாலை ஊற்றிவிடுங்கள்.

எத்தனை ஸ்வெட்டர் போட வேண்டும்? (நுவரெலியா)

இங்கே வீட்டிலிருந்து கிளம்பும்போது இரண்டு ஸ்வெட்டர், கம்பளித் தொப்பி, சொக்ஸ், மேலே சால்வை என்று சுற்றிவிடுகிறோம். அவிசாவளை தாண்டும்போது பிள்ளையின் கழுத்து நனைந்திருக்கும், கட்டுநாயக்கவில் முதுகெல்லாம் வியர்க்குரு. அதிகச் சூடு கைக்குழந்தைக்கு ஆபத்து. மெல்லிய உடுப்பாக மூன்று அடுக்கு போட்டு, இறங்க இறங்க ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். கை கால் குளிர்வதைப் பார்க்காதீர்கள், பிடரியைத் தொட்டுப் பாருங்கள்.

எத்தனை பேம்பர்ஸ்? (ஹட்டன்)

எல்லாரும் விமான நேரத்தை மட்டும் எண்ணுகிறார்கள். வேனில் 5 மணி, விமான நிலையத்தில் 3, விமானத்தில் 11, அங்கே வெளியே வர 2. மொத்தம் 21. இரண்டு மணிக்கு ஒன்று, தாமதத்துக்கு நாலு. உங்களுக்கும் ஒரு மாற்று உடுப்பு கைப்பையில் இருக்கட்டும்.

எட்டரை மாதத்தில் பயணம். 9 மாதத் தடுப்பூசி என்னாவது? (பதுளை)

அது தட்டம்மை (சின்னமுத்து) ஊசி, விளையாட்டு இல்லை. தடுப்பூசி போடாத பிள்ளைக்கு விமான நிலையக் கூட்டத்தில் தட்டம்மை தொற்றினால் கடுமையாக வரும். முடிந்தால் பயணத்தை ஒரு மாதம் தள்ளுங்கள். ஊசி போட்டு ஒரு வாரம், பத்து நாளில் காய்ச்சல் வரலாம், ஆகவே போட்டதற்கும் பயணத்துக்கும் இரண்டு வாரம் இடைவெளி வேண்டும். தள்ள முடியாவிட்டால் எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) பணிமனையில் வைத்தியரைப் பாருங்கள். இங்கிலாந்து, கனடாவில் இந்த ஊசியை முதல் பிறந்தநாளுக்குப் பிறகே தொடங்குவார்கள், இங்கே போட்டிருந்தாலும் அங்கே மறுபடி போடச் சொல்வார்கள், பயப்பட வேண்டாம். கிளினிக் புத்தகத்தைப் பெட்டியில் வைக்காதீர்கள். கைப்பையில்.

மகளின் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, டிக்கெட்டில் ஒரு மாதிரி. பரவாயில்லையா? கணவர் வரவில்லை. (கொட்டகலை)

பரவாயில்லை இல்லை. தமிழ்ப் பெயரைச் சிங்களத்தில் எழுதி, அதிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றும்போது ஒரு எழுத்து கூடும், ஒன்று குறையும். நம் மக்களுக்குத் தலைமுறை தலைமுறையாக இதே கரைச்சல். டிக்கெட்டும் கடவுச்சீட்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும், இன்றைக்கே திருத்துங்கள். சான்றிதழில் பிழை என்றால் பிரதேச செயலகம். கடவுச்சீட்டு வேலைக்குக் கொழும்பு வரை ஓட வேண்டாம், கண்டியில் கிளை அலுவலகம் உண்டு. கணவரின் சம்மதத்தைச் சத்தியக் கடதாசியாக எழுதி வாங்குங்கள், சில நாடுகளில் கேட்பார்கள். அதுவும் கிளினிக் புத்தகமும் கைப்பையில்.

போகும்போது 23 மாதம், திரும்பும்போது 2 வயது தாண்டிவிடும். (வட்டவளை)

திரும்பும்போது தனி சீட் வாங்க வேண்டும். 2 வயதுக்குள்தான் மடி டிக்கெட், பெரியவர் கட்டணத்தில் சுமார் 10 சதவீதம், வரி தனி.

மெல்பர்னுக்குத் திரிபோஷ சத்துமா கொண்டுபோகலாமா? (இராகலை)

உணவுப் பொருள் எதுவானாலும் அங்கே இறங்கும்போது அறிவிக்க வேண்டும். அறிவித்தால் மிஞ்சிப் போனால் எடுத்துவிடுவார்கள், மறைத்தால் அபராதம்.

நாளை மறுநாள் பயணம், பிள்ளைக்கு மூக்கடைப்பும் 101 காய்ச்சலும். (பதுளை)

போகாதீர்கள். இன்றே வைத்தியரிடம் காதைப் பார்க்கச் சொல்லுங்கள். திகதியை மாற்ற விமான நிறுவனத்துக்கு இப்போதே கோல் எடுங்கள், வைத்தியரின் கடிதத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.