காற்று நன்றாக வீசும்போதும் சில காற்றாலைகள் சுற்றாமல் நிற்பது ஏன்?

'வரிசையாக நிற்கிற காற்றாலைகளில் நாலைந்து எப்போதும் சும்மா நிற்கின்றன, இதை நம்பி எப்படி மின்சாரம் எடுப்பது?' என்று கேட்டிருக்கிறீர்கள். காற்றாலைப் பராமரிப்பு வேலையில் இருப்பதால் இதே கேள்வியை அடிக்கடி கேட்டிருக்கிறேன். நிற்பதெல்லாம் பழுது இல்லை. பல நேரங்களில் அதை வேண்டுமென்றேதான் நிறுத்தி வைத்திருப்பார்கள்.

நம் முகத்தில் இதமாகப் படுகிற காற்று காற்றாலைக்குப் போதாது. வினாடிக்குச் சுமார் 3 மீட்டர் வேகமாவது வந்தால்தான் மின்சாரம் எடுக்கத் தொடங்கும். அப்போதும் கிடைப்பது சொற்பம். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகும் என்பதுதான் இந்தத் தொழிலின் அடிப்படைக் கணக்கு. 12 மீட்டர் வேகத்தில் முழுத்திறன் தரும் இயந்திரத்துக்கு 4 மீட்டர் காற்றில் வந்து சேரும் ஆற்றல், அதில் 27இல் ஒரு பங்குதான். ஆக, சுற்றுகிறது என்பதாலேயே நிறைய மின்சாரம் வருகிறது என்றும் சொல்ல முடியாது.

இதே கணக்கு மறுபக்கமும் வேலை செய்கிறது: காற்று பலமாகும்போது இயந்திரத்தின் மீது விழும் ஆற்றலும் மளமளவென்று ஏறிவிடும். 60 மீட்டர் நீள இறக்கை ஒரு சுற்றுக்கு 5 வினாடி எடுத்தால் பார்க்கச் சோம்பலாகத்தான் தெரியும். ஆனால் அதன் நுனி மணிக்கு 270 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது! அதனால் காற்று வினாடிக்கு 25 மீட்டரைத் தாண்டினால் பெரும்பாலான காற்றாலைகள் தாமாகவே நின்றுவிடும். பிரேக் போட்டு நிறுத்துவதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் ஒவ்வொரு இறக்கையும் தன் அச்சிலேயே திரும்பி, மெல்லிய விளிம்பைக் காற்றுக்குக் காட்டிவிடும். தள்ளுவதற்குப் பிடி கிடைக்காததால் வேகம் தானாக அடங்கிவிடும். அவ்வளவு பலமான காற்றையும் தாங்கி ஓடும்படி கட்டலாமே என்றால், கட்டலாம்தான். ஆனால் அப்படிக் காற்றடிப்பது ஆண்டில் கொஞ்ச நேரம்தான். அதற்காக ஆகும் கூடுதல் இரும்புக்கும் செலவுக்கும் கட்டுப்படியாகாது.

வெளியே யாருக்கும் தெரியாத இன்னொரு காரணம் கேபிள். கோபுரத்தின் உச்சியில், இறக்கைகளுக்குப் பின்னால் ஜெனரேட்டர் இருக்கும் பெட்டி போன்ற கூடு காற்றின் திசைக்கு ஏற்பத் திரும்பிக்கொண்டே இருக்கும். ஒரே பக்கமாகச் சில சுற்று திரும்பிவிட்டால், அதிலிருந்து கீழே தொங்கும் கேபிள்கள் முறுக்கிக்கொள்ளும். அப்போது காற்றாலை தானே உற்பத்தியை நிறுத்தி, கூட்டை எதிர்ப்பக்கமாகச் சுற்றி முறுக்கைப் பிரித்துவிட்டு மறுபடி ஓடத் தொடங்கும். கீழிருந்து பார்ப்பவருக்கு அது கெட்டுப்போய் நிற்பதாகத்தான் தோன்றும். அடுத்த முறை பார்க்கும்போது கூடு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கவனியுங்கள். அக்கம்பக்கத்துக் காற்றாலைகள் எல்லாம் ஒரு திசையைப் பார்க்க, ஒன்று மட்டும் வேறெங்கோ பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றால் அதில் பராமரிப்பு வேலை நடக்கலாம், அல்லது அது உண்மையிலேயே பழுதாகியிருக்கலாம்.

சரி, நம்பலாமா? தனியாக ஒரு காற்றாலையை நம்ப முடியாது. நிலத்தில் இருப்பவை ஆண்டுச் சராசரியாக நிறுவுதிறனில், அதாவது எந்நேரமும் முழுத்திறனில் ஓடினால் தரக்கூடியதில், 25 முதல் 40 சதவீதம் வரை தந்தாலே நல்ல இடம் என்போம். ஆனால் பரந்த பரப்பில் ஆயிரக்கணக்கில் நிறுவி, அக்கம்பக்கத்து நாடுகளோடு மின்பாதை இணைப்பும் வைத்துக்கொண்டால் கதை வேறு. 1991இல் வின்டபி என்ற இடத்தில் வெறும் 11 காற்றாலைகளோடு உலகின் முதல் கடல் காற்றாலைப் பண்ணையைத் தொடங்கிய டென்மார்க், இன்று தன் மின்சாரத்தில் பாதிக்கு மேல் காற்றிலிருந்து எடுக்கிறது.

என்னை உறுத்துகிற நிறுத்தம் ஒன்றுதான். நல்ல காற்று, இயந்திரமும் நன்றாக இருக்கிறது, ஆனால் மின்பாதையில் இடமில்லை என்று நிறுத்தச் சொல்வார்கள். அதற்குக் காற்றைக் குறை சொல்லிப் பயனில்லை. காற்றாலை நிறுவும் வேகத்துக்கு ஈடாக மின்பாதைகளும் சேமிப்பு பேட்டரிகளும் வராததுதான் காரணம்.