முதுகு யாருடையது?

கேள்வி: அந்தக் கால ஹாலிவுட்டில் ஹெலன் கிப்சன் என்ற நடிகை ரயில், குதிரை என்று எல்லாவற்றிலும் டூப் போடாமல் நடித்தாராமே? அப்படிப்பட்டவர் ஏன் பெரிய நட்சத்திரமாக நிலைக்கவில்லை?
- ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: 'டூப் போடாமல்' என்று படித்ததுமே என் பழைய வயிற்றெரிச்சல் கிளம்பிவிட்டது. தமிழில் டூப்புக்கு இரண்டு பொருள். ஹீரோவுக்குப் பதில் குதிப்பவர் ஒன்று. தானே குதித்ததாக ஹீரோ பேட்டியில் விடுவது இன்னொன்று. ஒரு படத்தில் மாடியிலிருந்து குதித்த முதுகு ஹீரோவுடையது அல்ல என்று இதே பக்கத்தில் ஒருமுறை எழுதினேன். வசனம் பேசும்போது தொப்பை, குதிக்கும்போது ஒட்டிய வயிறு. வேறென்ன சொல்ல? ரசிகர்களிடமிருந்து மூட்டை மூட்டையாகக் கடிதம். ஒன்றில்கூட அது அவர் முதுகுதான் என்று இல்லை. என் முதுகை என்ன செய்யப்போகிறார்கள் என்றுதான் இருந்தது.

சரி, ஹெலனுக்கு வருவோம். அவர் சினிமாவில் பேர் வாங்கியதே டூப்பாக நுழைந்துதான். இயற்பெயர் ரோஸ் வெங்கர், குதிரை வித்தைக்காரி. கேலம் என்ற படக் கம்பெனியின் ரயில் சாகசத் தொடரில் நாயகி ஹெலன் ஹோம்ஸுக்கு டூப் போட்டார். 1915-ல் ஹோம்ஸ் விலகியதும் இவரையே நாயகியாக்கி, பெயரையும் ஹெலன் என்று மாற்றிவிட்டார்கள். பெயரிலும் டூப்!

ஆனால் ஸ்டேஷன் கூரையிலிருந்து ஓடும் ரயில்மேல் குதித்தது நிஜம். ரயிலை நிறுத்திவைத்து, இடைவெளியை அளந்து ஒத்திகை பார்த்திருந்தார். கால் சரியாகத்தான் பதிந்தது. ரயில் போன வேகத்தில் உருண்டு விளிம்புக்கே போய்விட்டார். ரயில் கூரையிலிருந்த காற்றுக் குழாயைப் பிடித்துத் தொங்கினார். தொங்கியதோடு விடாமல், படத்துக்கு எடுப்பாக இருக்கட்டும் என்று ஆடியும் காட்டினார்.

கல்யாணத்தையும் சொல்லிவிடுகிறேன். 1913-ல் அமெரிக்காவின் பெண்டில்டன் என்ற ஊருக்கு ரோடியோ என்கிற குதிரை வித்தைப் போட்டிக்குப் போனபோது ஊரில் ரூம் கிடைக்கவில்லை. தம்பதிகளுக்கு முன்னுரிமை என்றார்கள். உடனே கூட இருந்த ஹூட் கிப்சனைக் கட்டிக்கொண்டார். 'பேச்சுலருக்கு வீடு இல்லை' என்று சொல்லும் சென்னை வீட்டுக்காரர்களே, உங்கள் சேவையை இனி நான் குறைசொல்ல மாட்டேன். எங்கள் உதவி ஆசிரியர் ஆறு மாதமாக வீடும் தேடுகிறார், பெண்ணும் தேடுகிறார். எது முதலில் அமையும் என்று ஆபீசில் பந்தயம் ஓடுகிறது.

நிலைக்காததற்குக் காரணமா? கணவர் ஹூட், வெஸ்டர்ன் என்கிற கௌபாய் படங்களில் ஹீரோவாகிவிட்டார். இவர் சொந்தப் படம் எடுத்துக் கையைச் சுட்டுக்கொண்டார். சர்க்கஸுக்குப் போய்த் திரும்பியவருக்கு மறுபடியும் டூப் வேலைதான். மேரி டிரஸ்லர், எதல் பாரிமோர் போன்ற நடிகைகளுக்காக விழுந்து எழுந்தார். மலிவு வெஸ்டர்ன்களில் கூட்டத்தோடு நின்றார். கடைசியாக ஜான் ஃபோர்டின் 'தி மேன் ஹூ ஷாட் லிபர்ட்டி வேலன்ஸ்' படத்தில், 69 வயதில், குதிரை வண்டி ஓட்டினார். கூலி 35 டாலர். 1962-ல் வந்த படம், கிடைத்தால் பாருங்கள். முகம் தெரியாவிட்டால் போகட்டும், அந்த முதுகு அவருடையதுதான்.