செடி பாடுச்சா?

வணக்கங்க அக்கா,
போன வாரம் கோயமுத்தூர்ல ஒரு காலேஜ் எக்ஸிபிஷனுக்கு பாப்பாவ கூட்டிட்டு போயிருந்தேனுங்க. மணி பிளாண்ட் தொட்டி ஒண்ணு வெச்சிருந்தாங்க, இலைய தொட்டா ஸ்பீக்கர்ல பாட்டாட்டம் சத்தம் வருது. "அம்மா, செடி எங்கூட பேசுது"ன்னு பாப்பா அத விட்டு நகரவே மாட்டேன்னுட்டா. நெசமாலுமே பேசுதுங்களா, இல்ல ஏமாத்து வேலையா?
- ஒரு வாசகி, பொள்ளாச்சி

அன்புள்ள சகோதரிக்கு,

ஏமாத்து இல்லைங்க, ஆனா செடி பேசவும் இல்ல. செடிக்குள்ள இருக்கறது உப்பு கலந்த தண்ணி, நம்ம உடம்புலயும் அதேதான், ரெண்டும் கரண்ட கடத்தும். தொட்டி மண்ணுல ஒரு வயர சொருகியிருப்பாங்க, இலைய தொட்டதும் அதுல சார்ஜ் மாறும், அத சென்சார் புடிச்சுக்கும், எந்த ராகம் வரணும்ங்கறது புரோகிராம் எழுதுன பிள்ளைக முடிவு பண்ணுனது. அந்த வயர்ல ஒரு ஈரத்துணிய சுத்தி வெச்சாலும் பாடும்.

இதே வழியில 1992லயே கிறிஸ்டா சொம்மரர், லோரான் மின்யோனோன்னு ரெண்டு கலைஞர்க நெசச் செடி அஞ்ச வெச்சு செஞ்சாங்க, கைய கிட்ட கொண்டு போனாலே திரையில வேற செடிக முளைச்சு வளரும்.

அப்ப ஈரத்துணியே போதுமே, செடி எதுக்குன்னு கேப்பீங்க. எங்க அம்மிச்சிக்கு கோபி பக்கம் மஞ்சக் காடு. உச்சி வெயில்ல இலையெல்லாம் சுருண்டு கெடக்கும், அம்மிச்சி கண்டுக்காது, பொழுது எறங்குன பொறகு வரப்புல போயி ஒரு இலைய ரெண்டு விரலுக்கு நடுவுல வெச்சு அடியில இருந்து நுனி வரைக்கும் உருவிப் பாக்கும், அப்பவும் விரியாம இருந்தாத்தான் மோட்டார போடச் சொல்லும். அந்த விரலுக்கு தெரிஞ்சதும் சென்சார் புடிக்கறதும் ஒரே தண்ணிதானுங்க. அதனாலதான் எனக்கு இந்தக் கலை மேல இத்தன ஆசை. நம்மூர் பிள்ளைக ராகத்த விட்டுட்டு, மண்ணு காயக்காய சத்தம் எறங்கற மாதிரி ஒண்ணு செஞ்சா நான் மொத ஆளா வந்து நிப்பேன்.

செடிக்குன்னு சொந்தமா மின்சார சிக்னல் இருக்கறது வேற சங்கதி, ஜகதீஷ் சந்திர போஸ் 1901லயே லண்டன்ல அத காட்டிட்டாரு. பாப்பாவ வாய்க்கா ஓரம் கூட்டிட்டு போயி தொட்டாசிணுங்கிய தொடச் சொல்லுங்க. சிக்னல் ஓடி இலைக்காம்படியில இருக்கற தண்ணி வெளிய போறதாலதான் அது மடங்குது, மறுபடி விரிய பத்து இருவது நிமிஷம் ஆகும். அது வரைக்கும் பாப்பா உக்காந்திருந்தாளான்னு எழுதுங்க.