பூனைகள்தான் முதலில்

வணக்கம் சார்,

தஸ்தயேவ்ஸ்கியின் 'கரமாசோவ் சகோதரர்கள்' நாவலை இரண்டாம் முறை வாசித்தேன். சிறுவன் ஸ்மெர்தியாகோவ் பூனைகளைத் தூக்கிலிட்டுப் புதைக்கும் இடம் என்னைத் தூங்கவிடவில்லை. சொந்தக் குழந்தையைப் பறிகொடுத்த வேலைக்காரத் தம்பதி கிரிகோரியும் மார்ஃபாவும் அவனை எடுத்துத்தானே வளர்த்தார்கள்? சிலர் தீயவர்களாகவே பிறக்கிறார்கள் என்கிறாரா தஸ்தயேவ்ஸ்கி?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

சில வரிகள்தான் அந்த இடம். விரிப்பை அங்கி போலப் போர்த்திக்கொண்டு, எதையோ தூபக்கலசமாகப் பாவித்து ஆட்டி, பாட்டுப் பாடி, யாருக்கும் தெரியாமல் பூனைக்கு இறுதிச்சடங்கு செய்கிறான். கிரிகோரி பிடித்து அடிக்கிறார். 'நீ மனுசனே இல்லை, குளியலறை ஈரத்தில் முளைத்தவன்' என்று அவர் திட்டுவது அதற்கு அப்புறம். 12 வயதில், கடவுள் சூரியனையே நாலாம் நாள்தான் படைத்தார் என்றால் முதல் நாள் வெளிச்சம் எங்கிருந்து வந்தது என்று கேட்டு அறை வாங்குவதும், ஒரு வாரத்தில் வலிப்பு வருவதும் அதற்கும் அப்புறம். அந்த அறையும் வசையும்தான் அவனைக் கெடுத்தன என்று நானும் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் பூனைகள்தான் முதலில் வருகின்றன.

சரி, தீமை பிறவியிலேயே உண்டு, ஒப்புக்கொள்கிறேன். 'சிலர்' என்கிறீர்களே, அதைத்தான் ஏற்க முடியவில்லை. தன் அப்பாவைத் தாடியைப் பிடித்து இழுத்துப்போன, கரமாசோவ் சகோதரர்களில் மூத்தவனான திமீத்ரியின் கையை முத்தமிட்டு, விட்டுவிடச் சொல்லிக் கெஞ்சிய பையன் இல்யூஷா. அதே பையன்தான், ஸ்மெர்தியாகோவ் சொல்லிக்கொடுத்தபடி ரொட்டிக்குள் குண்டூசியை வைத்துப் பசித்த நாய்க்கு வீசுகிறான். நாய் கதறிக்கொண்டு சுற்றிச் சுற்றி ஓடுகிறது. ஸ்மெர்தியாகோவ் அவனுக்குள் புதிதாக எதையும் போட்டுவிடவில்லை.

சின்ன வயதில் நாங்கள் ஓணான் பிடிப்போம். தென்னை ஈர்க்கின் நுனியில் சுருக்குப் போட்டு, வேலியில் தலையாட்டிக்கொண்டிருப்பதன் கழுத்தில் மெல்ல மாட்டி ஒரே இழுப்பு. வாயில் மூக்குப்பொடியைத் திணித்தால் தள்ளாடிச் சுற்றும். ராமர் தாகத்துக்குக் கேட்டபோது அணில் இளநீர் கொடுத்தது, ஓணான் மூத்திரம் கொடுத்தது என்று ஒரு கதை இருந்தது, அதனால் பாவமில்லை. செத்ததும் எருக்கம்பூ வைத்து, வாயாலேயே சங்கு ஊதிப் புதைப்போம். சுருக்கு இறுகும்போது ஈர்க்கு வழியாக விரலுக்கு ஏறும் துடிப்பு எனக்குப் பிடித்திருந்தது. விரல் அதை இன்னும் மறக்கவில்லை. பூனைச் சடங்கை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு ரஷ்யா ஞாபகம் வருவதே இல்லை, அந்த வேலிதான் வருகிறது.

இல்யூஷா அழுது நடுங்கிக்கொண்டு நண்பன் கோல்யாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறான். நாயைக் கொன்றதால்தான் தனக்கு நோய் வந்தது என்று அப்பாவிடமும் சொல்லிச் சொல்லி மாய்கிறான். ஸ்மெர்தியாகோவுக்கு அப்படிப் போய்ச் சொல்ல ஓர் ஆள் கிடையாது. பெரியவனாகித் தன் எஜமானர் ஃபியோதர் கரமாசோவைக் கொன்றதை அவன் வாய்விட்டுச் சொல்வது ஒரே ஒருவனிடம், எஜமானரின் மகன் இவானிடம். அதுவும் 'நீங்கள்தான் கொன்றீர்கள், நான் உங்கள் கையாள்' என்று. கொன்று திருடிய 3000 ரூபிளைக் காலுறைக்குள்ளிருந்து எடுத்து மேசையில் வைக்கும் மூன்றாவது சந்திப்பை இன்னொரு முறை வாசியுங்கள். அன்றிரவே தூக்குப் போட்டுக்கொள்கிறான்.