கார் பட்டறை: கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை 25, 30 வயதைத் தாண்டிய ஜெர்மன் கார்களைப் பற்றியவை. ராஸ்லினில் கட்டிய பி.எம்.டபிள்யூ, ஈஸ்ட் லண்டனில் கட்டிய மெர்சிடிஸ், யூட்டன்ஹேக்கில் கட்டிய கோல்ஃப் என்று நம் தென்னாப்பிரிக்கத் தொழிற்சாலைகளிலிருந்து வந்தவையே அதிகம். இரும்பு இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. கடிதங்களைப் படித்தால் தகராறு எல்லாம் ரப்பரில்தான்.

என்னிடம் 1989-ம் ஆண்டு பி.எம்.டபிள்யூ 325ஐ (ஈ30 வகை) இருக்கிறது. டைமிங் பெல்ட் மாற்றி ஒன்பது ஆண்டு ஆகிறது. ஆனால் வண்டி 20,000 கிலோமீட்டர்கூட ஓடவில்லை, பெரும்பாலும் கராஜில்தான் நிற்கிறது. இன்னும் ஓட்டலாமா?
– வாசகர், சாட்ஸ்வொர்த்

ஓட்டாதீர்கள். பெல்ட் மாற்றும்வரை ஸ்டார்ட்கூடச் செய்ய வேண்டாம்.

உங்கள் காரில் இருப்பது எம்20 இன்ஜின். பிஸ்டன்கள் சுற்றும் தண்டான கிராங்கையும், வால்வுகளைத் திறந்து மூடும் தண்டான கேமையும் ஒரே தாளத்தில் சுற்றவைப்பது இந்தப் பெல்ட்தான். பெல்ட் அறுந்தாலோ ஒரு பல் நழுவினாலோ, திறந்து நிற்கும் வால்வு மேலே வரும் பிஸ்டனில் மோதும். ராக்கர் ஆர்ம்கள் உடையும், வால்வுகள் வளையும், இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்றாமல் தீராது. 80,000 கிலோமீட்டர் அல்லது நான்கு ஆண்டு, எது முந்துகிறதோ அதுதான் இந்தப் பெல்ட்டுக்குக் கணக்கு. நின்ற இடத்திலேயே நிற்கும் பெல்ட் ஒரே மடிப்பில் வருடக்கணக்காக வளைந்து கிடக்கிறது. ஓடுகிற பெல்ட்டைவிட அதன் நிலைமை ஒன்றும் மேலில்லை.

பெல்ட்டை மட்டும் மாற்றுவது அரை வேலை. டென்ஷனர், அதன் ஸ்ப்ரிங், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் ஆகியவற்றையும் சேர்த்து வாங்குங்கள். வாட்டர் பம்ப் கசிந்தால் மறுபடி இதே வேலையை முதலிலிருந்து செய்ய வேண்டிவரும். கிராங்க், கேம், இன்டர்மீடியட் ஷாஃப்ட் ஆகியவற்றின் முன்பக்க ஆயில் சீல்களையும் பாருங்கள். அங்கே ஈரம் தெரிந்தால் அவற்றையும் மாற்றிவிடுங்கள். ஆயில் பட்ட பெல்ட் அதன் ஆயுளை முழுசாக வாழாது.

வீட்டிலேயே செய்வதாக இருந்தால் வரிசை இப்படி:

பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றுங்கள். கூலண்டை (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவத்தை) வடியுங்கள். விசிறியைக் கழற்ற 32 மி.மீ. ஸ்பானர் வேண்டும். அந்த நட்டுக்கு இடது மரை. வழக்கமான திசைக்கு எதிராகச் சுற்றினால்தான் கழலும். இது தெரியாமல் பலம் போட்டு வாட்டர் பம்பை உடைத்தவர்கள் உண்டு. ரேடியேட்டரையும் எடுத்துவிட்டால் கை நன்றாக நுழையும். ஆல்டர்னேட்டர், பவர் ஸ்டியரிங், ஏ.சி. பெல்ட்கள், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, ரோட்டர், மேல் கவர், கிராங்க் புல்லியின் ஆறு போல்ட், கீழ் கவர் என்று வரிசையாகக் கழற்றுங்கள்.

இனி அடையாளக் குறிகள். கேம் பல்சக்கரத்தில் உள்ள அம்பு, சிலிண்டர் ஹெட்டில் உள்ள கோட்டுக்கு நேராக நிற்க வேண்டும். கிராங்கின் குறியும் அதே நேரத்தில் தன் கோட்டில் நிற்க வேண்டும். இன்டர்மீடியட் ஷாஃப்டுக்குக் குறி பார்க்க வேண்டியதில்லை, இந்த இன்ஜினில் அது ஆயில் பம்பைத்தான் சுற்றுகிறது. பழைய பெல்ட்டை எடுக்கும் முன் வெள்ளைப் பெயின்டால் இரண்டு இடத்திலும் புள்ளி வைத்து, கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

புதுப் பெல்ட்டைக் கிராங்கில் தொடங்கி இன்டர்மீடியட் ஷாஃப்ட், கேம், கடைசியில் டென்ஷனர் என்று மாட்டுங்கள். டென்ஷனருக்கு எதிர்ப்பக்கத்தில் துளித் தொய்வும் இருக்கக் கூடாது. பிறகு டென்ஷனரின் இரண்டு போல்ட்டையும் தளர்த்தி, ஸ்ப்ரிங் தானாகத் தள்ள விடுங்கள். நீங்கள் நெம்பி இறுக்கினால் பெல்ட் ஊளையிடும், பேரிங் போகும். கிராங்கின் நடு போல்ட்டில் ஸ்பானர் போட்டு, முன்னாலிருந்து பார்க்கக் கடிகாரச் சுற்றில் இரண்டு முழுச் சுற்று, கையால், மெதுவாகச் சுற்றுங்கள். எங்காவது கட்டையாகத் தடுத்தால் நிறுத்துங்கள். வால்வு பிஸ்டனைத் தொடுகிறது என்று பொருள். தடையில்லாமல் சுற்றிக் குறிகள் மீண்டும் கோட்டில் நின்றால், டென்ஷனர் போல்ட்களை 22 நியூட்டன் மீட்டருக்கு முறுக்குங்கள். கேம் சக்கரத்தைப் பிடித்து இன்ஜினைச் சுற்றவே கூடாது.

கவரை மூடும் முன் தேதியையும் கிலோமீட்டரையும் ஸ்டிக்கரில் எழுதி அதன் மேல் ஒட்டுங்கள். அந்தக் காரை அடுத்து வாங்குபவர் உங்களை வாழ்த்துவார்.

என் 320ஐ (ஈ30) காரில் ரேடியேட்டர் ஹோஸ் மாற்றிய பிறகு, டவுன் ஹில் (Town Hill) மேட்டில் ஏறும்போது ஊசி சிவப்பை நோக்கிப் போகிறது. ஹீட்டரைத் திறந்தால் குளிர்ந்த காற்றுதான் வருகிறது. ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கு அடியில் உள்ள அடைப்புத் தகடு) போய்விட்டது என்கிறார் ஒரு மெக்கானிக்.
– வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

அவசரப்பட்டு ஹெட்டைக் கழற்ற விடாதீர்கள். இன்ஜின் சூடு, ஹீட்டர் குளிர்: உள்ளே காற்று அடைத்திருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் இல்லை. கூலண்ட் சுற்றி வந்தால்தானே ஹீட்டரில் சூடு வரும்?

காரின் மூக்கு மேலே இருக்கும்படி சரிவில் நிறுத்துங்கள். இன்ஜின் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள். ஸ்டார்ட் செய்ய வேண்டாம். தெர்மோஸ்டாட் இருக்கும் கூட்டின் மேல்பக்கத்தில் ஒரு சிறு திருகு இருக்கிறது, அதுதான் காற்று வெளியேறும் வழி. அதைத் தளர்த்திவிட்டு, மூடி திறந்த தொட்டியில் கூலண்டை நூல் போல ஊற்றுங்கள். முதலில் காற்று சீறும், பிறகு நுரை வரும், பிறகு குமிழி இல்லாமல் ஒழுகும். அப்போது திருகை மூடுங்கள். அளவோடு இறுக்குங்கள், தலை எளிதில் முறிந்துவிடும். ஸ்டார்ட் செய்து, சூடேறி மேல் ஹோஸ் வெதுவெதுப்பாகும்வரை ஓட விட்டு, ஆறிய பிறகு இன்னொரு முறை செய்யுங்கள். ஒரே தடவையில் எல்லாக் காற்றும் போவது அபூர்வம்.

பாஸ்பேட் கலக்காத, ஐரோப்பியக் கார்களுக்கான நீலக் கூலண்டும் வாலை வடிநீரும் சரிபாதி. குழாய்த் தண்ணீர் வேண்டாம்.

இதற்குப் பிறகும் குமிழி நிற்காமல் வந்தால், அல்லது காலையில் ஸ்டார்ட் செய்த ஒரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல் போல இறுகினால், அப்போது கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள். அதற்கும் சோதனை இருக்கிறது. தொட்டி வாயில் வைக்கும் நீல நிறத் திரவம் எரிந்த வாயு பட்டால் மஞ்சளாகும். அந்தச் சோதனை செய்யாமல் ஹெட்டைத் தொட அனுமதிக்காதீர்கள்.

தொட்டியின் மூடியையும் மாற்றுங்கள். என்3 நெடுஞ்சாலையில் ஜோகன்னஸ்பர்க் வரை போகிறவர்களுக்கு இது முக்கியம். சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் உள்ள அந்த ஊரில் வெறும் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். அழுத்தத்தைப் பிடித்துவைக்கும் மூடிதான் அந்தக் கொதிநிலையை மேலே தள்ளுகிறது. மூடியின் ரப்பர் வளையம் காய்ந்துபோனால், டர்பனில் ஒழுங்காக ஓடிய கார் மேட்டுநிலத்தில் கொதிக்கும்.

மாமா கொடுத்த மெர்சிடிஸ் 240டி (டபிள்யூ123) டீசல் கார். சாவியைத் திருப்பி எடுத்த பிறகும் இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கிறது! சில நாள் அரை நிமிடம், சில நாள் நிற்பதே இல்லை. கதவுப் பூட்டுகளும் ஒழுங்காக வேலை செய்வதில்லை.
– வாசகி, டொங்காட்

இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுதினீர்கள், பாதி வேலை முடிந்தது. இரண்டுக்கும் காரணம் ஒன்றே.

டீசல் இன்ஜினில் அணைப்பதற்குப் பொறி கிடையாது, எரிபொருளைத்தான் நிறுத்த வேண்டும். இந்த மெர்சிடிஸில் அதைச் செய்வது வாக்குவம், அதாவது காற்றை உறிஞ்சுவதால் வரும் இழுப்பு. இன்ஜின் முன்புறத்தில் ஒரு வாக்குவம் பம்ப். அதிலிருந்து மெல்லிய பிளாஸ்டிக் குழாய் சாவிப் பூட்டின் பின்னால் உள்ள வால்வுக்குப் போகிறது. நீங்கள் அணைத்ததும் அந்த வால்வு திறந்து, டீசல் பம்பின் மேல் இருக்கும் நிறுத்து வால்வின் டயாஃப்ரத்தை (மெல்லிய சவ்வை) வாக்குவம் இழுக்கிறது. கதவுப் பூட்டுகளும் இதே வாக்குவத்தில்தான் வாழ்கின்றன. ஒரு கதவுக்குள் இருக்கும் ரப்பர் கிழிந்தால் எல்லாம் சோர்ந்துவிடும்.

முதலில், வண்டி நிற்காதபோது என்ன செய்வது என்று தெரிந்துகொள்ளுங்கள். பானெட்டைத் திறந்தால் இன்ஜின் மேல் ‘ஸ்டாப்’ என்று எழுதிய நெம்புகோல் இருக்கும். அதை அழுத்திப் பிடித்தால் இன்ஜின் நின்றுவிடும். கியரில் போட்டு கிளட்ச்சை விட்டு அணைக்க வேண்டாம்.

இனிச் சோதனை. கதவுப் பூட்டுகளுக்குப் பிரிந்து போகும் குழாயைக் கழற்றி, பம்புப் பக்கம் இருக்கும் வாயை அடையுங்கள். வண்டியை ஓட விட்டு அணையுங்கள். சட்டென்று நின்றால், ஓட்டை கதவுகளில் அல்லது பூட்டில். ஒவ்வொரு கதவாக அடைத்துப் பார்த்தால் குற்றவாளி அகப்படும். அடைத்தும் நிற்கவில்லை என்றால், நிறுத்து வால்வின் குழாயைக் கழற்றி அதில் கைப் பம்பு மாட்டி வாக்குவம் கொடுங்கள். இன்ஜின் நிற்க வேண்டும், கைப் பம்பின் அளவு முள்ளும் இறங்காமல் நிற்க வேண்டும். முள் இறங்கினால் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது.

கழற்றிய குழாயின் வாயில் விரலை வைத்துப் பாருங்கள். கறுப்பு ஆயில் ஒட்டினால் வேறு சோதனையே வேண்டாம், நிறுத்து வால்வு கிழிந்து இன்ஜின் ஆயிலை உறிஞ்சுகிறது. அந்த ஆயில் குழாய் வழியாகச் சாவிப் பூட்டுவரை போய், வழியில் உள்ள ரப்பர் இணைப்புகளை எல்லாம் ஊதிப் பெருக்கவைக்கும். வால்வை மாற்றுவதோடு குழாய்களையும் சுத்தம் செய்து, ரப்பர் இணைப்புகளைப் புதிதாகப் போடுங்கள். புது வால்வைப் பொருத்தும்போது அதன் கொக்கி உள்ளே இருக்கும் கம்பியில் மாட்டியிருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். முதல் ஸ்டார்ட்டின்போது ஒருவர் அந்த ‘ஸ்டாப்’ நெம்புகோலில் கை வைத்துத் தயாராக நிற்கட்டும்.

கேட்காவிட்டாலும் சொல்கிறோம்: இந்த இன்ஜினில் வால்வு இடைவெளியைக் கையால்தான் சரி செய்ய வேண்டும். ஆறிய நிலையில் உள்வால்வு 0.10 மி.மீ., வெளிவால்வு 0.30 மி.மீ. காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும் பல 240டி-களுக்கு இதுதான் மருந்து.

1993 சிட்டி கோல்ஃப், கார்புரேட்டர் மாடல். ரோபோவில் (போக்குவரத்து விளக்கில்) நிற்கும்போது ஆர்.பி.எம். ஏறி இறங்கி வண்டி அணைந்துபோகிறது. கார்புரேட்டரை இரண்டு முறை சர்வீஸ் செய்தும் பயனில்லை.
– வாசகர், ஃபீனிக்ஸ்

கார்புரேட்டரை விடுங்கள், அது உட்கார்ந்திருக்கும் ரப்பர் பீடத்தைப் பாருங்கள். அதில் விரிசல் விட்டு, கணக்கில் வராத காற்று உள்ளே போகிறது. மேலிருந்து பார்த்தால் தெரியாது. கழற்றி வளைத்தால்தான் விரிசல் வாய் திறக்கும். கழற்றும் முன் உறுதி செய்ய, ஓடும் இன்ஜினில் பீடத்தைச் சுற்றிக் கார்புரேட்டர் கிளீனரைச் சிறிது தெளியுங்கள். ஆர்.பி.எம். மாறினால் ஓட்டை அங்கேதான். எரியும் திரவம் அது. சூடான எக்ஸாஸ்ட் மேல் படாமல், தீயணைப்பான் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள். பிரேக் பூஸ்டருக்குப் போகும் ஹோஸையும் இதே முறையில் பார்த்துவிடலாம்.

அங்கேயே இன்னொன்றையும் கவனியுங்கள். நூல் உறை போட்ட பெட்ரோல் ஹோஸ்கள் வெளியே நன்றாகத்தான் தெரியும், உள்ளே ரப்பர் வெடித்திருக்கும். நூல் ஈரமாக இருந்தாலோ பெட்ரோல் வாசனை வந்தாலோ அன்றே மாற்றுங்கள். இதில் நாளை என்பதே கூடாது.

1994 மெர்சிடிஸ் ஈ320 (டபிள்யூ124). மழைநாளில் இன்ஜின் தட்டித் தட்டி ஓடுகிறது. பிளக், காயில் எல்லாம் மாற்றியாகிவிட்டது.
– வாசகர், லெனேசியா

இனி ஒரு பாகமும் வாங்காதீர்கள், முதலில் இன்ஜின் ஒயரிங்கைப் பாருங்கள். 1990-களின் முதல் பாதியில் மெர்சிடிஸ் பயன்படுத்திய ஒயர் உறை, இன்ஜின் சூட்டில் காய்ந்து உதிர்ந்துவிடும். இன்ஜெக்டருக்குப் போகும் ஒயரின் வெளி உறையை ஒரு அங்குலம் விலக்கி, உள்ளே உள்ள ஒயரை லேசாக வளையுங்கள். அப்பளம் போல நொறுங்கிச் செம்பு தெரிந்தால், விடை கிடைத்துவிட்டது. டேப் சுற்றி ஒப்பேற்ற வேண்டாம். நீங்கள் சுற்றிய இடத்துக்கு அடுத்த அங்குலம் உதிரும், ஒயர்கள் ஒன்றோடொன்று பட்டால் கம்ப்யூட்டரும் போகும்.

முழு ஒயரிங்கையும் புதிதாகப் போடுங்கள். ஸ்கிராப்யார்டில் அதே வயது வண்டியிலிருந்து எடுத்தால் அதே நோயைக் காசு கொடுத்து வாங்குகிறீர்கள். த்ராட்டில் ஆக்சுவேட்டருக்குள்ளும் (இன்ஜினுக்குப் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் பாகம்) இதே ஒயர்தான். அதையும் பிரித்துப் புது ஒயர் போடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் மீண்டும் கடிதம் எழுதுவீர்கள்.

ஈ30 ஒன்று வாங்கப் போகிறேன். துருவை எங்கே தேட வேண்டும்? வண்டி கடற்கரைப் பக்கமே இருந்தது.
– வாசகர், இசிபிங்கோ

பின்னால் சாமான் வைக்கும் டிக்கியில் கம்பளத்தைத் தூக்கி, பேட்டரித் தட்டின் அடி. பின் விளக்குகளுக்குக் கீழே உள்ள பள்ளம். அங்கே தண்ணீர் நின்ற கறை இருந்தால் விளக்கின் ரப்பர் போய்விட்டது. ஜாக் வைக்கும் இடங்கள். முன் சக்கர வளைவுகளின் உள்விளிம்பு. பானெட்டைத் திறந்தால் கண்ணாடிக்குக் கீழே உள்ள தொட்டி போன்ற பகுதி. மாமரத்தடியில் நின்ற காராக இருந்தால் அங்கே இலை மக்கி, வடிகால் அடைத்திருக்கும்.

சன்ரூஃப் இருந்தால் நான்கு மூலையிலும் வடிகால் குழாய் உண்டு. முன்மூலையில் அரைக் கிளாஸ் தண்ணீர் ஊற்றுங்கள். கதவைத் திறந்து, கீல் பக்கம் ஒழுகுகிறதா என்று பாருங்கள். ஒழுகாமல் தண்ணீர் காருக்குள் வந்தால் விலையைக் குறைத்துப் பேசலாம். அடைப்பை எடுக்கப் புல்வெட்டியின் நைலான் நூல் போதும். காற்றழுத்தம் அடிக்க வேண்டாம், உள்ளே குழாய் கழன்றுகொள்ளும்.

(அடுத்த இதழில்: கோல்ஃப் ஃபியூஸ் பெட்டிக்குள் தண்ணீர் இறங்குவது ஏன்? கேள்விகளோடு மாடல், ஆண்டு, இன்ஜின் வகை, கடைசியாக மாற்றிய பாகங்கள் ஆகியவற்றையும் எழுதுங்கள்.)