வாட்ஸ்அப்பில் அனுப்பியதும் மறைசெய்தி அழிவது ஏன்?

வணக்கம். பிஎன்ஜி (தரம் இழக்காமல் சேமிக்கும் பட வடிவம்) படத்தில், வண்ண மதிப்புகளின் கடைசி பிட்டுகளில் (இரும எண்ணின் கடைசி இலக்கமான 0 அல்லது 1) நீங்கள் மறைத்த செய்தி, வாட்ஸ்அப்பில் அனுப்பிய பின் குப்பை எழுத்துகளாக வருவதாக எழுதியிருந்தீர்கள். பிழை உங்கள் நிரலில் இருப்பதாகத் தோன்றவில்லை. ஒரு படப்புள்ளியின் சிவப்பு மதிப்பு 150 என்றால், அதை 151 ஆக்கி ஒரு பிட்டை மறைக்கிறீர்கள் (இரட்டை எண்ணின் கடைசி பிட் 0, ஒற்றை எண்ணுடையது 1); வாட்ஸ்அப் படத்தை ஜேபெக்காக (கோப்பின் அளவைச் சுருக்கும் பட வடிவம்) மாற்றும்போது, 8×8 கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்குப் புலப்படாத நுண்வேறுபாடுகளைக் கழித்துவிடுவதால், அந்த 151 திரும்பி வரும்போது 150 ஆகவோ 152 ஆகவோ இருந்தாலே பிட் தலைகீழாகிவிடும். ஆகவே படத்தை 'ஆவணம்' என்ற வழியில் அனுப்புங்கள். கோப்பு அப்படியே சேரும்.

முறை தெரிந்த எவரும் கடைசி பிட்டுகளைப் படித்துவிடலாம் என்பதால், மறைக்கும் முன் செய்தியை ஏஇஎஸ் என்ற முறையில், சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்வது மிக அவசியம். படம் திருத்தப்படவில்லை என நிறுவ விரும்பினால், முடிந்த கோப்புக்கு மின்னொப்பமிட்டு (கோப்பு மாறினால் பொருந்தாமல் போகும் டிஜிட்டல் ஒப்பம்), அந்த ஒப்பத்தையும் உடன் அனுப்புங்கள்.