ஒரே தொடரில் மூன்று லேப்டாப்: மேல்மாடலுக்குத் தவணை போடலாமா?

கேள்வி: கல்லூரியில் முதலாண்டு முடிக்கப் போகிறேன். இன்னும் மூன்று ஆண்டுகள் படிப்பு இருக்கிறது. மாலையில் ட்யூஷன் எடுத்துச் சேர்த்த பணத்தில் லேப்டாப் வாங்க வேண்டும். பாடக்குறிப்பு, புரோகிராமிங், ப்ராஜெக்ட் அறிக்கை ஆகியவைதான் முக்கிய வேலை. வார இறுதியில் மூன்று நான்கு மணி நேரம் வாலரன்ட் ஆடுவேன். எப்போதாவது ஜிடிஏ 5.

ஒரே நிறுவனத்தின் ஒரே தொடரில் மூன்று மாடல்களைக் குறித்து வைத்திருக்கிறேன். முதலாவதில் ஐ5-12450எச் பிராசசர், ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி கிராபிக்ஸ், 8 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி. இரண்டாவதில் ஐ5-13420எச், ஆர்டிஎக்ஸ் 4050, 16 ஜிபி ராம், அதே 512 ஜிபி. மூன்றாவதில் ஐ7-13620எச், அதே 4050, அதே 16 ஜிபி ராம், 1 டிபி எஸ்எஸ்டி. திரை எல்லாவற்றிலும் 15.6 அங்குலம், 144 ஹெர்ட்ஸ்.

முதல் மாடலின் விலையை 100 பங்கு என்று வைத்துக்கொண்டால் இரண்டாவது 118, மூன்றாவது 140. என் கையில் 105 பங்கு இருக்கிறது. மாதம் 5 பங்கு சேர்க்க முடிகிறது. முழுப் பணத்தையும் ஒரே தடவையில் கட்டினால் 5 சதவீதத் தள்ளுபடி உண்டு. இல்லையென்றால், கையில் இருப்பதைக் கட்டிவிட்டு மீதியை ஆறு மாத வட்டியில்லாத் தவணையில் செலுத்தலாம் என்கிறார்கள். "வாங்குவதே வாங்குகிறாய், மூன்றாவதையே வாங்கிவிடு, படிப்பு முடியும்வரை கவலை இருக்காது" என்கிறார் அண்ணன். என்ன செய்யட்டும்?

பதில்: விலைகளை 100, 118, 140 என்று பங்காக எழுதி அனுப்பியதற்கே உங்களுக்கு ஒரு சபாஷ். கணக்கு தெளிவாகிவிடுகிறது. கிராபிக்ஸ் கார்டுக்குப் பிறகு வருவோம். முதலில் அந்த வட்டியில்லாத் தவணையைப் பிரித்துப் பார்க்கலாம்.

இரண்டாவது மாடலை ரொக்கமாக வாங்கினால் தள்ளுபடி போக ஏறத்தாழ 112 பங்கு. உங்களிடம் 105 இருக்கிறது, குறைவது 7. தவணைக்குப் போனால் தள்ளுபடி கிடையாது, விலை 118. 105-ஐக் கட்டிவிட்டு மீதி 13 பங்கை ஆறு மாதத்தில் செலுத்துவீர்கள். அதாவது, 7 பங்கு குறைகிறது என்பதற்காக 13 பங்கு கட்டுகிறீர்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, அதேதான். நீங்கள் சேமிக்கும் வேகத்தில் அந்த 7 பங்கு ஆறேழு வாரத்தில் கைக்கு வந்துவிடும்.

மூன்றாவது மாடலுக்கும் இதே கணக்குதான். ரொக்கத்துக்கு 133, தவணைக்கு 140. உங்களுக்கு உண்மையில் தேவைப்படும் கடன் 28 பங்கு. திருப்பிக் கட்டுவது 35. மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வருவதையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஆண்டு வட்டி ஏறத்தாழ 80 சதவீதம். அதோடு மாதத் தவணை 5.8 பங்கு, உங்கள் சேமிப்போ 5. முதல் மாதமே துண்டு விழும். பரீட்சைக் காலத்தில் பிள்ளைகள் ட்யூஷனுக்கு வராத மாதம் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்தக் கணக்குக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. தவணையில் வாங்கினாலும் அதே 5 சதவீதத் தள்ளுபடியைத் தருகிறோம், செயலாக்கக் கட்டணமும் இல்லை என்று கடையில் எழுதிக் கொடுத்தால், அது மெய்யாகவே வட்டியில்லாத் தவணை. கேட்டுப் பாருங்கள். கேட்பதற்குக் காசு இல்லை.

இனி, மூன்றாவது மாடலுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் எதற்குப் போகிறது என்று பார்ப்போம். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் வித்தியாசம் 22 பங்கு. கிராபிக்ஸ் ஒன்றுதான், ராம் ஒன்றுதான். மாறுவது பிராசசரும், கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டியும். 13620எச்-இல் 10 கோர்களும் (கணக்கிடும் மையங்கள்) 16 த்ரெட்களும் (ஒரே நேரத்தில் கையாளும் வேலை இழைகள்) இருக்கின்றன. வீடியோ எடிட்டிங்கே பிழைப்பு என்பவருக்கு அது நேரத்தை மிச்சப்படுத்தும். முதலாண்டு, இரண்டாமாண்டு புரோகிராம்களுக்கும் வாலரன்டுக்கும் அந்தக் கூடுதல் கோர்கள் சும்மா உட்கார்ந்திருக்கும். எஸ்எஸ்டி விஷயம் இன்னும் எளிது. பெரிய விளையாட்டுகள் சில தனியாகவே 100 ஜிபிக்கு மேல் இடம் கேட்கின்றன என்பது உண்மை. ஆனால் நீங்கள் சொன்ன இரண்டும் 512-இல் அடங்கும். இடம் போதாத நாளில் வேறொன்றை வாங்கி மாட்டிக்கொள்ளலாம். அண்ணனின் யோசனையை இங்கேயே தள்ளிவைக்கிறேன். அவர் உங்கள் நலனுக்காகத்தான் சொல்கிறார், ஆனால் கட்டப்போவது அவரில்லை.

முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் இடையில்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

பிராசசர் பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். 12450எச், 13420எச் என்று படித்தால் ஒரு தலைமுறை இடைவெளி தெரிகிறது. உள்ளே இரண்டிலும் 8 கோர்கள், 12 த்ரெட்கள், 12 எம்பி கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் சிறு நினைவகம்). உச்ச வேகம் 4.4 கிகாஹெர்ட்ஸிலிருந்து 4.6 ஆகியிருக்கிறது. பழைய வீட்டுக்குப் புது வண்ணம் அடித்த கதை. இதற்காக ஒரு பங்குகூட அதிகம் கொடுக்க மாட்டேன்.

அடுத்தது ராம், அதாவது திறந்து வைத்திருக்கும் வேலைகளைத் தாங்கும் நினைவகம். இதைப் பற்றிப் பேச எனக்குச் சொந்த அனுபவம் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் என் மகளுக்கு 8 ஜிபி ராமுடன் மெல்லிய லேப்டாப் ஒன்று வாங்கினேன். பிறகு கூட்டிக்கொள்ளலாம் என்று விற்றவர் சொன்னார், நானும் தலையாட்டினேன். படிப்பின் இரண்டாம் ஆண்டில், செயலிகள் எழுதும் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவையும் பிரவுசரையும் ஒருசேரத் திறந்தால் மௌஸ் அம்புகூட நின்று நின்று நகர்ந்தது. பழுதுபார்ப்பவர் பதினோரு திருகுகளைக் கழற்றி, பின்மூடியை ஒரு பிளாஸ்டிக் அட்டையால் நெம்பி எடுத்துக் காட்டினார். ராம் செருகும் இடமே இல்லை. பலகையில் கருப்புச் சில்லுகள் நான்கு, ஈயம் வைத்து ஒட்டப்பட்டுக் கிடந்தன. சிறு பணத்தில் தீரவேண்டிய குறைக்குப் புது லேப்டாப்பே வாங்கினேன். நிதி ஆலோசகர் வீட்டுக் கதை இது.

அன்றிலிருந்து ஒரு லேப்டாப்பின் விவரப்பட்டியலைக் கையில் எடுத்தால் இரண்டு பத்தியாகப் பிரித்துக்கொள்கிறேன்: பிறகு மாற்ற முடிகிறவை, முடியாதவை. கழற்றக்கூடிய ராம், எஸ்எஸ்டி, ஓரளவுக்கு பேட்டரி ஆகியவை முதல் பத்தி. கிராபிக்ஸ் கார்டு, திரை, சூட்டை வெளியேற்றும் அமைப்பு, கீல், கீபோர்டின் தரம் ஆகியவை இரண்டாம் பத்தி. வாங்கும் நாளில் பணம் இரண்டாம் பத்திக்குப் போக வேண்டும்.

உங்கள் முதல் மாடலில் எத்தனை ராம் ஸ்லாட் (செருகும் இடம்), அவற்றில் ஒன்று காலியா என்று தயாரிப்பாளரின் இணையதளத்தில் அந்த மாடலின் முழு எண்ணைக் கொடுத்துத் தேடுங்கள். ஒரே பெயரில் வரும் மாடல்களுக்குள்ளும் இது மாறும். காலியாக ஒன்று இருந்தால் இன்னொரு 8 ஜிபி போட்டு 16 ஆக்கிவிடலாம். ஒற்றை ராமைவிட இரட்டை ராம் வேலை செய்யும் விதமும் மேல். விளையாட்டில் அது கண்ணுக்கே தெரியும். ஆனால் "பிறகு மலிவாகிவிடும்" என்று காத்திருக்காதீர்கள். மின்னணுப் பொருளின் விலை எப்போதும் இறங்குமுகம் என்பது பழைய நம்பிக்கை. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டதில், 2025-இன் பிற்பகுதியில் ராம் விலை எகிறியது. இன்றைய விலையைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். முதல் மாடலை ரொக்கத்தில் 95 பங்குக்கு வாங்கினால் உங்களிடம் 10 பங்கு மிஞ்சும். ராம் அந்த 10-க்குள் வந்தால் கணக்கு நிற்கிறது. அதைத் தாண்டினால் முதல் மாடலின் மலிவு பாதி போய்விட்டது என்று பொருள்.

இப்போது கிராபிக்ஸ். 4050 வேகமானது, ஐயமில்லை. ஆனால் அதைப் போலவே உங்கள் 3050-உம் 6 ஜிபி கிராபிக்ஸ் நினைவகம் கொண்ட வகை. கிராபிக்ஸ் கார்டுக்குள் இருக்கும் சிறு கோர்களின் எண்ணிக்கையும் இரண்டிலும் 2560-தான். புதியதில் தொழில்நுட்பம் ஒரு தலைமுறை முன்னே இருக்கிறது, இடைக்காட்சிகளைத் தானே உருவாக்கிக்கொள்ளும் வசதியும் உண்டு. புதிய, கனமான விளையாட்டுகளை ஆடுபவர் அதை உணர்வார். வாலரன்ட் அப்படிப்பட்டதன்று, தனி கிராபிக்ஸ் இல்லாத கணினியிலும் ஓடவேண்டும் என்றே வடிவமைக்கப்பட்டது. 3050-இலேயே நொடிக்கு 144 காட்சிகளைத் தாண்டும். உங்கள் திரையோ 144-க்கு மேல் காட்டாது. ஜிடிஏ 5 கணினிக்கு வந்தது 2015-இல். அதற்கும் 3050 தாராளம்.

இன்னொரு எண்ணை உங்கள் கடிதத்தில் காணவில்லை: கிராபிக்ஸ் கார்டுக்கு எத்தனை வாட். லேப்டாப்பில் வரும் 4050-ஐ 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை தயாரிப்பாளர் தன் விருப்பப்படி கட்டுப்படுத்திக்கொள்ளலாம். பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் ஒன்றுதான். குறைந்த வாட்டில் கட்டிப்போட்ட 4050-க்கு 18 பங்கு கூடுதலாகக் கொடுத்தால், பெயருக்குத்தான் பணம் கொடுத்திருப்பீர்கள். விவரப்பட்டியலில் பொடி எழுத்தில், "அதிகபட்ச கிராபிக்ஸ் திறன்" என்ற இடத்தில் இது இருக்கும். இல்லாவிட்டால் எழுதிக் கேளுங்கள்.

என்னைக் கேட்டால், 3050-ஆ 4050-ஆ என்பதைவிடத் திரை எது என்பதுதான் உங்களுக்கு முக்கியம். விளையாட்டு வாரத்துக்கு நான்கு மணி நேரம். திரையைப் பார்ப்பது நாளுக்கு ஆறேழு மணி நேரம். மூன்றிலும் 15.6 அங்குலம், 144 ஹெர்ட்ஸ் என்று எழுதியிருக்கிறீர்கள். நிறமும் வெளிச்சமும் அதில் தெரியாது. 45 சதவீத என்டிஎஸ்சி (நிற அளவு), 250 நிட்ஸ் (வெளிச்ச அளவு) என்று போட்டிருந்தால் அது மலிவுத் திரை: சிவப்பு செங்கல் நிறமாகத் தெரியும், ஜன்னலோரம் உட்கார்ந்தால் எழுத்தைவிட உங்கள் முகம்தான் தெளிவாகத் தெரியும். 100 சதவீத எஸ்ஆர்ஜிபி (இதுவும் நிற அளவுதான்), 300 நிட்ஸ் அல்லது அதற்கு மேல் என்றிருந்தால் நல்லது. கீழ்மாடலில் செலவைக் குறைக்கத் தயாரிப்பாளர்கள் கைவைக்கும் இடங்களில் திரையும் ஒன்று.

ஆகவே என் முடிவு இது. முதல் மாடலின் திரை நன்றாக இருந்து, ராம் ஸ்லாட்டும் காலியாக இருந்தால், அதையே ரொக்கத்துக்கு வாங்கி ராமைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ராம் ஒட்டப்பட்டதாக இருந்தாலோ, திரை மலிவாக இருந்து இரண்டாவதில் நல்லதாக இருந்தாலோ, இரண்டு மாதம் பொறுத்து இரண்டாவதை ரொக்கத்துக்கு வாங்குங்கள். அதுவரை கல்லூரி ஆய்வகக் கணினி இருக்கிறதல்லவா?

ஒரு சில சில்லறை விஷயங்கள். விண்டோஸ் விலையில் அடக்கமா என்று பாருங்கள். சில மலிவு மாடல்கள் அது இல்லாமலே வரும். இந்த வகை லேப்டாப்பை சார்ஜரோடு தூக்கினால் 3 கிலோவை நெருங்கலாம், தினமும் தோளில் சுமக்கப் போவது நீங்கள். பேட்டரியில் ஓடும்போது கிராபிக்ஸ் முழு வேகத்தைத் தராது, ஆகவே விளையாட்டு என்றால் சார்ஜர் செருகியே ஆக வேண்டும். நீட்டித்த உத்தரவாதத்தை விற்கப் பார்ப்பார்கள். அது பெரும்பாலும் உற்பத்திக் குறைகளுக்குத்தான். கீழே விழுந்தால், தண்ணீர் கொட்டினால் செல்லாது. தினமும் பையில் போகும் லேப்டாப்புக்குப் பணம் செலவழிப்பதானால் விபத்துப் பாதுகாப்புக்குச் செலவழியுங்கள்.

வாங்கிய அன்றே விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, செயல்திறன் பகுதியில் நினைவகத்தைச் சொடுக்குங்கள். எத்தனை ஸ்லாட்டில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்று காட்டும். அதே இடத்தில் வடிவம் (Form factor) என்ற வரியில் "எஸ்ஓடிம்" (SODIMM) என்றிருந்தால் ராம் கழற்றக்கூடியது. "ரோ ஆஃப் சிப்ஸ்" (Row of chips) என்றிருந்தால் பலகையோடு ஒட்டியது, விற்றவர் சொன்னது தவறு. அப்படி இருந்தால் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் பெட்டியோடு போய் நில்லுங்கள். அதனால் பெட்டியையும் பில்லையும் அதுவரை எறிந்துவிடாதீர்கள்.